நீளமான ஆங்கிலச் சொல்லை எப்படிப் படிப்பது?



நமது டிரஸ்டின் மாலை வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஆங்கிலப் பாடத்தைச் சரளமாக வாசித்து வந்தவள், 'ரெஸ்பான்சிபிலிட்டி' வந்ததும் நின்றுவிட்டாள். அர்த்தம் கேட்டோம், சரியாகச் சொன்னாள். வாய்தான் வரவில்லை. புத்தகத்தில் அந்தச் சொல்லின் மேல் பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருந்தாள்.

நாமும் அப்படித்தான் படித்தோம். கல்லூரி முதல் வருடம் 'போட்டோகிராபி'யை, 'போட்டோகிராப்' போலவே முதல் அசையில் அழுத்திச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளானோம். அழுத்தம் 'டோ'வில் வர வேண்டும்.

தமிழில் எழுதினால் எல்லா அசையும் ஒரே எடையாகத் தெரியும். ஆங்கிலத்தில் ஓர் அசைதான் ஓங்கி ஒலிக்கும், மற்றவை அடங்கும். நம் ஊட்டி பொட்டானிக்கல் கார்டனையே பாருங்கள். 'பொட்டானி' என்றால் முதல் அசையில் அழுத்தம். 'பொட்டானிக்கல்' என்றால் 'டா'வுக்கு வந்துவிடும். 'பொ' ஏறக்குறைய 'ப' ஆகிவிடும்.

இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லின் வால் உதவும். ஷன், இக், இக்கல், இட்டி என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம். எக்-ஸா-மி-னே-ஷன்: 'னே'. எலெக்ட்ரிக்: 'லெக்'. எலெக்ட்ரிசிட்டி: 'ட்ரி'. விதிவிலக்கும் உண்டு. 'இஸ்லாமிக்' விதிப்படி 'லா'வில் அழுத்தம் பெறும். 'அரபிக்' மட்டும் முதல் அசையிலேயே நின்றுகொள்ளும்!

மக்தபில் ஓதும் பிள்ளைக்கு இது புதிதல்ல. மத்து உள்ள இடத்தில்தான் நீட்ட வேண்டும், கண்ட இடத்தில் நீட்டினால் உஸ்தாத் நிறுத்திவிடுவார். விதிகள் வேறு, கேட்கும் காது ஒன்றுதான்.

ஆங்கிலம் தெரியாத தாயும் உதவலாம். பிள்ளை தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லட்டும். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ, அத்தனை அசை. நீங்கள் விரல் விட்டு எண்ணுங்கள். ரெஸ்-பான்-சி-பி-லி-ட்டி, ஆறு வரும். பிறகு 'பி'யை மட்டும் ஓங்கிச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை மூன்றாம் தடவை தடங்கலின்றிச் சொன்னாள்.

தமிழில் எழுதுவதை நிறுத்திவிட்டு, சொல்லைப் பென்சில் கோட்டால் அசை பிரிக்கட்டும். சந்தேகம் வந்தால் அகராதி பார்க்கலாம். உச்சரிப்பில் அழுத்தமான அசைக்கு முன்னால், மேலே ஒரு சிறு நெட்டைக் கோடு இருக்கும். டிரஸ்ட் அலுவலகத்தில் இரண்டு அகராதிகள் உள்ளன. மஃரிபுக்குப் பின் வந்து பார்க்கலாம். வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். மற்றப் பிள்ளைகளும் வருவார்கள்.