மெய்நிகர்க் கணினி தொடங்குவதில் தாமதம் ஏன்?

மாணவர்களே, கணினி தொடங்குதல், பிரதான நினைவகம், அலகு மாற்றம் ஆகியவற்றை வெவ்வேறு பாடங்களில் படித்திருப்பீர்கள். மூன்றும் ஒன்றாக வரும் ஒரு விடயத்தை இங்கு பார்ப்போம்.

ஒரு கணினியினுள்ளே மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி மெய்நிகர்க் கணினி எனப்படும். லினக்ஸ் பணிசெயல் முறைமையில் இதற்கான கேவிஎம் வசதி 2007 இல் சேர்க்கப்பட்டது. மெய்நிகர்க் கணினிக்குப் பொதுவாகக் கிடைப்பது மென்பொருளால் ஆன எளிய காட்சி அட்டையே. முப்பரிமாண வரைதலுக்கு அது போதாது. ஆகவே தாய்க் கணினியில் பொருத்தப்பட்டுள்ள உண்மையான வரைவியல் அட்டையை அதற்கு நேரடியாகவே கொடுத்துவிடுவர். இதற்கு உதவும் விஎஃப்ஐஓ, 2012 இல் வெளிவந்த லினக்ஸ் கரு 3.6 இல் இடம்பெற்றது.

வேகமான அட்டையைக் கொடுத்தால் தொடக்கமும் வேகமாகும் என்று நினைக்கிறீர்களா? பெரும்பாலும் மாறாகவே நடக்கும்.

சாதாரண மெய்நிகர்க் கணினிக்கு 16 கிகாபைற் நினைவகம் ஒதுக்கினாலும் தாய்க் கணினி அதை உடனே முழுவதும் கொடுப்பதில்லை. பந்தியில் ஆள் வந்து இருந்த பிறகு இலை போடுவதுபோல, தேவைப்படும்போதே கொடுக்கும். ஆனால் வரைவியல் அட்டை, முறைவழியாக்கியின் உதவியின்றி நினைவகத்தை நேரடியாக வாசிக்கும், எழுதும். எந்த இடத்தை எப்போது தொடும் என்பது தாய்க் கணினிக்குத் தெரியாது. எனவே தொடங்குமுன்பே எல்லா இலையும் போட்டாக வேண்டும். அதாவது முழு நினைவகத்தையும் ஒதுக்கி, முன்பிருந்த தரவு வெளிப்படாதவாறு பூச்சியமாக்கி, இடம்மாறாதபடி பூட்டி, முகவரி அட்டவணையில் பதிய வேண்டும். திரை வெறுமையாக இருக்கும் நேரத்தின் ஒரு பகுதி இதற்கே செலவாகிறது.

இந்த வேலை பக்கம் பக்கமாக நடைபெறும். வழக்கமான பக்கத்தின் அளவு 4 கிலோபைற். இப்போது கணக்கைச் செய்வோம்.

16 கிகாபைற் = 16 × 1024 × 1024 கிலோபைற் = 1,67,77,216 கிலோபைற்
பக்கங்கள் = 1,67,77,216 ÷ 4 = 41,94,304

நாற்பது இலட்சத்துக்கும் மேல்! பக்கத்தின் அளவை 2 மெகாபைற் ஆக்கினால் 8192 பக்கங்களே வரும். 1 கிகாபைற் ஆக்கினால் வெறும் 16. பெரும்பக்கங்களைப் பயன்படுத்தித் தொடக்கத்தை விரைவாக்கும் முறை இதுவே. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: பூச்சியமாக்க வேண்டிய மொத்த அளவு குறைவதில்லை, 16 கிகாபைற்றும் அப்படியே இருக்கும். குறைவது பக்கத்துக்குப் பக்கம் செய்யும் ஒதுக்கல், பூட்டல், பதிதல் ஆகியனவே. மொத்த அளவையும் குறைக்க வேண்டுமாயின் மெய்நிகர்க் கணினிக்குத் தேவையான நினைவகத்தை மட்டும் கொடுக்க வேண்டும். 8 கிகாபைற் போதுமென்றால் 16 ஏன்?

பெரும்பக்கத்துக்குத் தொடர்ச்சியான வெற்றிடம் வேண்டும். கணினி நெடுநேரம் இயங்கிய பின் நினைவகம் துண்டுதுண்டாகிவிடும். ஆதலால் தாய்க் கணினி தொடங்கும்போதே அவற்றை ஒதுக்கி வைப்பது நல்லது. ஆனால் இதில் ஒரு நட்டமும் உண்டு: மெய்நிகர்க் கணினி நிறுத்தப்பட்டிருந்தாலும் அந்த இடத்தைத் தாய்க் கணினியின் மற்ற மென்பொருள்கள் பயன்படுத்த முடியாது. நன்மை மட்டும் எழுதினால் விடை அரைகுறைதான். இதையும் சேர்த்து எழுதுங்கள்.

பயிற்சி: 8 கிகாபைற் நினைவகத்தில் (அ) 4 கிலோபைற், (ஆ) 2 மெகாபைற் பக்கங்கள் எத்தனை? செய்கை வழியைக் காட்டுக.
விடை: (அ) 20,97,152 (ஆ) 4096