மனை வாங்குமுன் ஏரிப் படம் பாருங்கள்

நெசவிலும் பயிரிலும் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் மனை வாங்க எண்ணும் அங்கத்தினர்கள், முதலில் அம்மண்ணின் பழைய நிலையை அறிதல் வேண்டும்.

இப்பகுதி ஏரிகள் மிகுந்தது. முகப்பேர் ஏரித் திட்டம் என்னும் குடியிருப்பின் பெயரே இதற்குச் சான்று. ஏரிப் படுகையின் களிமண் நனைந்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். மேலே கொட்டிய மண்ணும் நாளடைவில் அமுங்கும். வீட்டின் ஒரு மூலை தாழ்ந்தால் சுவரில் விரிசல் காணும். தறியின் மட்டமும் கெடும். நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தாலும் களிமண் இறுகி நிலம் தாழும். ஏரிப் படுகையில் எழுந்த மெக்சிகோ நகரம் இவ்வாறே தாழ்ந்து வருகின்றது.

இவ்வபாயத்தைப் படமாக்குவது எளிது. பழைய கிராம வரைபடத்தில் ஏரி, தாங்கல், வாய்க்கால்களை நீலத்தால் குறியுங்கள். இஸ்ரோ 2009-இல் தொடங்கிய ‘புவன்’ படத்தில் அதே இடத்தைக் கண்டு ஒப்பிடுங்கள். விரிசல் கண்ட வீடுகளைச் சிவப்பால் குறியுங்கள். இரு நிறமும் நெருங்குமிடத்தில் மண் பரிசோதனையின்றிக் கடைக்கால் இடலாகாது.

ஏரி மறைந்தாலும் அதன் படுகை மறைவதில்லை. ஆதலால் பத்திரத்தைப் பார்ப்பது போலவே படத்தையும் பார்ப்போமாக.