பிள்ளைக்கு எவ்வளவு பனடோல்?

மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் பயந்து லயத்தையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டு வெளியேறிய குடும்பங்களில், கைக்கு அகப்பட்டதை எடுத்து வந்த பையிலும் பெரும்பாலும் ஒரு பனடோல் அட்டை இருக்கும். பிள்ளையின் கிளினிக் கார்டும் பாணி மருந்தோடு வந்த அளவு மூடியும் அந்த அவசரத்தில் விடுபட்டுப் போகும். ஓப்பநாயக்கப் பக்கத்தில் பாடசாலை மண்டபத்திலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருக்கும் தாய்மாருக்காக இதை எழுதுகிறோம்.

பனடோல் என்று நாம் சொல்வது பரசிட்டமோல். அளவோடு கொடுத்தால் பிள்ளைகளுக்கு நல்ல மருந்து. அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். முதல் நாள் பிள்ளைக்கு வாந்தி இருக்கலாம், அல்லது ஒன்றுமே தெரியாமல் விளையாடிக்கொண்டும் இருக்கலாம். ஈரல் கெட்டது இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகுதான் வெளியே தெரியும். மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு. ஆனால் அதை முதல் சில மணித்தியாலங்களில் கொடுத்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். ஆகவே கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால், பிள்ளை நன்றாக இருந்தாலும் உடனே கொண்டு போக வேண்டும்.

அளவை வயதால் சொல்வது நம்மிடம் உள்ள பழக்கம். “ரெண்டு வயசுதானே, அரைக் குளிசை கொடு” என்கிறோம். இது தவறு. ஒரே வயதுப் பிள்ளைகளில் ஒன்று 13 கிலோ இருக்கும், மற்றது 9 கிலோ இருக்கும். பசளையைக் காணியின் அளவு பார்த்துப் போடுகிற நாம், மருந்தையும் உடம்பின் நிறை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு கிலோ நிறைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இதுதான் கணக்கு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பாணியில் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. 10 கிலோ பிள்ளைக்கு அதில் 5 மில்லிலீற்றர், 15 கிலோ பிள்ளைக்கு ஏழரை, 20 கிலோ பிள்ளைக்கு 10. பெரியவர்களின் குளிசை 500 மில்லிகிராம். அதில் பாதி 20 கிலோ பிள்ளைக்குச் சரி. 10 கிலோ பிள்ளைக்கோ அது இரண்டு மடங்கு. 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் உள்ள பாணியும் உண்டு. போத்தலும் நிறமும் ஒன்று போலவே இருக்கும், மருந்து இரண்டு மடங்கு. லேபிள் கிழிந்த போத்தலைப் பிள்ளைக்குப் பாவிக்க வேண்டாம்.

வீட்டுக் கரண்டியை நம்பக்கூடாது. தேக்கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. மேசைக்கரண்டியில் 15 மில்லிலீற்றர் பிடிக்கும். அளவு மூடி தொலைந்திருந்தால் பாமசியில் ஊசியில்லாத 5 மில்லிலீற்றர் சிரிஞ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நிறை தெரியாவிட்டால் மிட்வைப்பிடம் நிறுக்கலாம். அவசரத்துக்குக் கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசும் உதவும். சுத்தமான சேலைத் துண்டைத் தொட்டில் போலக் கட்டி, நிலத்துக்குக் கிட்டவாகத் தொங்கவிட்டு நிறுத்து, துணியின் நிறையைக் கழித்துவிடுங்கள்.

ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, 24 மணித்தியாலத்தில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். பலர் கூடி இருக்கும் இடத்தில் தாய் ஒரு முறை, பாட்டி ஒரு முறை என்று கொடுத்துவிடுவது நடக்கிற காரியம். கொடுத்த நேரத்தைப் போத்தலில் ஒட்டிய தாளில் எழுதுங்கள். தடிமனுக்கு விற்கும் சில பாணிகளிலும் பரசிட்டமோல் சேர்ந்திருக்கிறது. அதையும் இதையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டை அளவாகிவிடும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டொக்டர் சொல்லாமல் எதுவும் கொடுக்கக்கூடாது. பல நாள் சரியாகச் சாப்பிடாத, மெலிந்த பிள்ளையின் ஈரல் சீக்கிரம் பாதிக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2017 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் இரத்தினபுரி மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதே ஆண்டில் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. தண்ணீர் தேங்கிய இடத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்குமோ என்று முதலில் நினைப்பதே நல்லது. அப்போது அஸ்பிரின், டிஸ்பிரின், ஐபுப்ரோபன், டைக்ளோபினாக், மெபனமிக் அசிட் எதுவும் கூடாது. இவை இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் கெதியாக இறங்குகிறது என்று கடைக்காரர் சிபாரிசு செய்தாலும் வாங்காதீர்கள். டெங்கு இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் ஆகாது.

பரசிட்டமோல் சூட்டைத் தணிக்குமே தவிர டெங்குவை மாற்றாது. கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லையென்றால் இன்னொரு மூடி ஊற்றாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்து, கஞ்சி, இளநீர், ஜீவனி என்று குடிக்கக் கொடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் இரத்தப் பரிசோதனை வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் விட்டதும் பிள்ளை சோர்ந்து படுத்தால், வயிறு வலித்தால், விடாமல் வாந்தி எடுத்தால், கை கால் குளிர்ந்தால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். சுவசெரிய அம்புலன்சுக்கு 1990 என்ற எண்ணை அழைக்கலாம், காசு கேட்கமாட்டார்கள். போகும்போது மருந்துப் போத்தலையும் நேரம் எழுதிய தாளையும் டொக்டரிடம் காட்டக் கொண்டு போங்கள்.