முதல் வளைவு எது? தேர்தல் கதைகள் கற்பிக்கும் பாடம்

நம் சங்கத்தின் படிப்பு வட்டம் இம்முறை எடுத்துக்கொண்ட பொருள், 'தேர்தல் களமும் மனச்சாட்சியும்: கதைகள் சொல்வது என்ன?' என்பதாகும். வழக்கமாகத் திருவனந்தபுரத்தில் கூடும் வகுப்பை ஒரு மாறுதலுக்காகப் பொன்முடியில் வைத்துக்கொண்டோம். நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பயணம். மலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்துவரும் தமிழ்க் குடும்பத்தார் சிலரும் வந்து கலந்துகொண்டது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. அன்று நான் நடத்திய பாடத்தையும், அதன்மேல் எழுந்த பேச்சையும், வர இயலாதவர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

ஏன் இந்தப் பாடம்?

"அரசியல் ஒரு சாக்கடை. பிழைக்க வந்த இடத்தில் நமக்கெதற்கு அது?" என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்கிறோம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டே வளர்கிறார்கள். 1989-இல் வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அவர்கள் வாக்குச் சாவடிக்குப் போய்விடுகிறார்கள். அரசியல்வாதிகள் எல்லாரும் பிறவித் திருடர்கள் என்று மட்டும் சொல்லி வளர்த்தால், 'நான் திருடனல்லன், ஆகவே நான் தவறவே மாட்டேன்' என்ற எண்ணமும் அவர்களுக்கு வந்துவிடும். இது ஆபத்தான எண்ணம்.

நல்ல கதைகள் வேறு விதமாகச் சொல்கின்றன. அவற்றில் கெட்டுப்போகிறவன் தொடக்கத்தில் நம்மைப் போன்றவன். நல்லவன் என்று பெயரெடுத்தவன். அவன் ஒரே நாளில் விழுவதில்லை. கல்லாற்றைக் கடந்து பொன்முடிக்கு ஏறும் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் ஏறும் உயரம் கொஞ்சந்தான். மேலே போய் நின்று பார்க்கும்போதுதான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது தெரிகிறது. அன்றைய வகுப்பில் ஒவ்வொரு கதைக்கும் நான் கேட்ட கேள்வி ஒன்றே: இந்த மனிதனுக்கு முதல் வளைவு எது?

நான்கு விரற்கடை உயரம்

எல்லாருக்கும் தெரிந்த பாரதக் கதையிலிருந்து தொடங்கினேன். துரோணரைப் படைக்கலத்தால் வெல்ல முடியவில்லை. அசுவத்தாமன் என்னும் பெயருடைய யானை ஒன்றைக் கொன்றுவிட்டு, 'அசுவத்தாமன் இறந்தான்' என்று சொல்லச் சொல்கிறார்கள். பிறர் சொன்னால் துரோணர் நம்ப மாட்டார். தருமன் சொன்னால்தான் நம்புவார். தருமனும் அதைச் சொல்லிவிட்டு, யானை என்ற சொல்லை மட்டும் காதில் விழாதபடி மெல்லச் சொல்கிறான். அதுவரை நிலத்திலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிவந்த அவனுடைய தேர் அன்று மண்ணைத் தொட்டுவிட்டது என்கிறது பாரதம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தப் பொய்க்குப் பயன் கிடைத்ததே தருமனின் உண்மையால்தான். நேர்மையாளன் நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த நம்பிக்கையை ஒரே சொல்லில் செலவழிக்கச் சொல்கிறார்கள். இன்றும் தேர்தல் வந்தால் கட்சிகள் ஊரில் நல்ல பெயர் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியரையும் மருத்துவரையும் தேடி வருவது எதற்காக என்பதை எண்ணிப் பாருங்கள்.

குறளைத் துணைக்கு அழைப்பவர்கள்

இத்தகைய நேரத்தில் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பதும் வழக்கம். வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்கிறார் அவர். மேடையில் இதை எடுத்துக்காட்டுவோர் பலர். வினைத்தூய்மை அதிகாரத்தை எடுத்துக்காட்டுவோர் சிலரே. அங்கே, பெற்ற தாயின் பசியைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்று கண்டிப்பாகச் சொல்கிறார்.

இரண்டும் முரணா என்று ஒரு மாணவி கேட்டாள். இல்லை என்பதே என் விடை. முதற்குறளில் 'குற்றமற்ற நன்மை' என்றொரு நிபந்தனை இருக்கிறது. அதை வைத்து மூன்று கேள்விகள் கேட்கலாம். அந்த நன்மை முதலில் போய்ச் சேருவது யாருக்கு? அதற்கு விலை கொடுப்பது யார்? காரியம் முடிந்தபின் அதை வெளியில் சொல்ல முடியுமா? பொய் சொன்னவனே முதலில் பயனடைந்து, வாயில்லாத ஒருவர் விலை கொடுத்து, கடைசிவரை மறைக்கவும் வேண்டியிருந்தால், அது வள்ளுவர் சொன்ன பொய் அன்று.

மரம் யாருக்கும் எதிரியன்று

இந்தக் கேள்விகளோடு நமக்கு மிக அருகில் பிறந்த ஒரு நாவலுக்கு வருவோம். நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர ராமசாமி எழுதிய 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-இல் வெளிவந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை நாகர்கோவில் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த ஊர். ஆகவே அந்த நாவலின் கடைவீதியும் பேச்சும் இங்குள்ள நமக்கு அந்நியமாகத் தோன்றா.

நாற்சந்தியில் ஒரு புளியமரம். அதைச் சுற்றிக் கடைகள். தாமு, காதர் என்னும் இரு வணிகர்களின் போட்டி நகரசபைத் தேர்தல் போட்டியாக வளர்கிறது. இசக்கி என்னும் பத்திரிகை நிருபர் அதில் எண்ணெய் வார்க்கிறார். யாருக்கும் தீங்கு நினைக்காத மரம், வெட்டுவதா காப்பதா என்று தேர்தல் பொருளாகிவிடுகிறது. மரத்தின்மேல் உண்மையான பற்றோ பகையோ பெரும்பாலோருக்குக் கிடையாது. எதிராளி ஒன்று சொன்னான் என்பதால் இவன் மற்றொன்று சொல்கிறான். இறுதியில் நஞ்சால் மரம் பட்டுப்போகிறது. இந்தக் கதையில் பெருங்கொடியவன் என்று ஒருவனைச் சுட்டிக்காட்டுவது கடினம். கொஞ்சம் கொஞ்சமாக ஊரே சேர்ந்து கொன்ற மரம் அது. நம் இரண்டாவது கேள்விக்கு, அதாவது விலை கொடுப்பது யார் என்பதற்கு, இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

நாடகமும் திரைப்படமும்

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1968-இல், சோவின் 'முகமது பின் துக்ளக்' நாடகம் மேடையேறியது. 1971-இல் திரைப்படமாகவும் வந்தது. பெரியவர்கள் பலருக்கு அதன் நகைச்சுவை நினைவிருக்கும். இரு இளைஞர்கள் துக்ளக்காகவும் பதூதாவாகவும் வேடம் போட்டு, நாட்டு அரசியலின் போலித்தனத்தை வெளிப்படுத்தப் புறப்படுகிறார்கள். துக்ளக் தேர்தலில் நின்று பிரதமராகிறான். கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி தருகிறான். சிரித்துக்கொண்டே பார்த்தவர்கள் முடிவை மறந்துவிடுகிறோம். உண்மையைச் சொல்ல வேண்டிய நாள் வந்தபோது, துக்ளக் வேடம் போட்டவன் நாற்காலியை விட மறுக்கிறான். 'தேர்தல் முடியும்வரைதான்' என்று போட்ட வேடம் களையப்படவே இல்லை. இங்கே தோற்பது நம் மூன்றாவது கேள்வி.

கே. பாலசந்தரின் 'அச்சமில்லை அச்சமில்லை' (1984) இன்னும் கடுமையானது. உலகநாதன் ஊரார் மதிக்கும் நேர்மையாளன். தேர்தலில் அவன் ஆதரவைக் கேட்டு வருகிறார்கள். தொடக்கத்தில் மறுக்கிறான். பிறகு இறங்குகிறான். இறங்கியபின் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. முதலில் கண்டுகொள்பவள் மனைவி தேன்மொழி. இறுதியில் அவள் கையாலேயே அவன் முடிவு நேர்கிறது. அந்த முடிவை நான் பிள்ளைகளுக்கு வழியாகச் சொல்லவில்லை. ஆனால் உலகம் கைதட்டும்போது வீடு கண்டுபிடித்துவிடுகிறது என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் மலையாளத்தில் பலமுறை பார்த்த 'சந்தேசம்' (1991) படத்திலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பும் தந்தை, எதிரெதிர்க் கட்சிகளில் இருக்கும் தம் இரு மகன்களையும் பார்த்து மனம் நோகிறார். கட்சிக்காக எதையும் நியாயப்படுத்தும் பிள்ளைகளால் வீடு குலைகிறது. ஸ்ரீநிவாசன் எழுதிய வசனங்களுக்கு நாம் சிரிக்கிறோம். ஆனால் வெளியே பேசிய பொய், மெல்ல உண்ணும் இடத்துக்கே வந்துவிடும் என்பதுதான் அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் பாடம்.

கடல் கடந்த ஒரு கதை

இது நம் நாட்டு நோய் மட்டும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பென் வாரன் 1946-இல் எழுதிய 'ஆல் தி கிங்ஸ் மென்' நாவல், மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. லூசியானா மாநிலத்தில் ஆளுநராக இருந்து 1935-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஹியூ லாங்கின் வாழ்க்கை அதற்குத் தூண்டுதலாக அமைந்தது.

கதைத் தலைவன் வில்லி ஸ்டார்க், பள்ளிக்கூடம் கட்டும் ஒப்பந்தத்தில் நடந்த ஊழலை எதிர்த்துத் தோற்றவன். பின்னர் அந்தப் பள்ளியின் அவசர வழிப் படிக்கட்டு இடிந்து குழந்தைகள் இறக்கிறார்கள். அவன் சொன்னது உண்மை என்று ஊர் அறிகிறது. அதன்பின் அவனைத் தேர்தலில் நிறுத்துகிறார்கள், எதிராளியின் வாக்கைப் பிரிப்பதற்காக! தான் பொம்மை என்று அறிந்த நாளில் அவன் மாறுகிறான். நல்லது செய்யக் கெட்டதையே கருவியாக்கலாம் என்று துணிகிறான். அவன் சாலைகள் போட்டான், மருத்துவமனை கட்ட முனைந்தான். அவனுக்காக ஒரு நீதிபதியின் பழைய குற்றத்தைத் தோண்டி எடுக்கிறான் உதவியாளன் ஜாக். நீதிபதி தற்கொலை செய்துகொள்கிறார். அவரே தன்னைப் பெற்ற தந்தை என்பது ஜாக்குக்குப் பிறகுதான் தெரிகிறது. மேடையில் நிற்பவனோடு, கோப்பைத் தூக்கி நடப்பவனும் விலை கொடுக்கிறான்.

ஓர் அம்மையார் கேட்டது

பாடம் இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். தோட்டத்திலிருந்து வந்திருந்த வயதான அம்மையார் ஒருவர் எழுந்தார். "சார், நீங்க சொன்ன கதையில எல்லாம் தப்புப் பண்றது ஓட்டுக் கேக்கிற ஆளுதான். எங்க லயத்துக்கு வர்றவர் தமிழ்ல பேசுவார், வீட்டுக்குப் பட்டா வாங்கித் தர்றேம்பார். அதே ஆளு அடிவாரத்துக்குப் போய் மலையாளத்துல வேற பேசுவார். ரெண்டும் எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் கையத் தட்டுறோமே, அதுக்கு என்ன பேரு?" என்றார்.

யாரும் உடனே பேசவில்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, "வேற வழி இல்லையே பாட்டி. தட்டலேன்னா தண்ணிக் குழாய்கூட வராது" என்றான்.

அவர் சொன்னார்: "வழி இல்லேன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். தப்பு இல்லேன்னு மட்டும் சொல்லாதே."

நான் படித்த நூல்கள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு வரி பாடத்தைச் சுருக்கிச் சொல்லிவிட்டது. வழியில்லாமல் வளைந்து போவது மனித வாழ்க்கையில் நேரும். சிறுபான்மையாக வாழும் நமக்கு அது மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நேரும். ரேஷன் அட்டைக்கும் தமிழ் வகுப்புக்கும் யாரையாவது பார்த்துச் சிரிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் வளைந்ததை நேர் என்று பெயர் மாற்றும்போதுதான் அடுத்த வளைவுக்குத் துணிவு பிறக்கிறது. உலகநாதனும் வில்லியும் அங்கேதான் தவறினார்கள். செய்வது தவறு என்ற உணர்வு இருக்கும்வரை திரும்பி வரும் பாதை திறந்தே இருக்கும். அதற்கு நியாயம் கற்பிக்கத் தொடங்கிவிட்டால், பாதை எங்கே என்று கேட்கக்கூடத் தோன்றாது.

வீட்டில் பேசிப் பார்க்க

பெற்றோர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பின்வரும் வினாக்களைப் பேசிப் பார்க்க வேண்டுகிறேன். விடைகள் ஒத்துப்போக வேண்டியதில்லை.

1. தருமன் சொல்ல மறுத்திருந்தால் போர் நீண்டிருக்கும், மேலும் பலர் மடிந்திருப்பார்கள். அப்போதும் அவன் மறுத்திருக்க வேண்டுமா?

2. உங்களுக்குத் தெரிந்த நல்லவர் ஒருவர் தேர்தலில் நிற்கிறார். எதிராளியைப் பற்றிய ஒரு பொய்யைப் பரப்பினால் அவர் வெல்வார். அதை அவரிடம் சொல்லாமலேயே நீங்கள் பரப்பலாம். பரப்புவீர்களா? பரப்பினால், பிறகு அவரிடம் சொல்வீர்களா?

3. புளியமரத்தைக் கொன்றவர்கள் யார் யார்? ஒரு பட்டியல் போடுங்கள். கடையில் நின்று வேடிக்கை பார்த்தவர் அதில் வருவாரா?

4. நம் சங்கத் தேர்தலில், தெருக் குழுத் தேர்தலில், பள்ளி வகுப்புத் தலைவர் தேர்தலில் 'அனுசரித்துப் போனோம்' என்று நாம் சொல்லும் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

நான்காவது வினாவுக்குப் பெரியவர்கள் முதலில் விடை சொல்லட்டும். அப்போதுதான் பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் வீட்டில் எழுந்த பேச்சைச் சுருக்கமாக எழுதிக் கொண்டுவந்தால் எல்லோருக்கும் பயன்படும்.