ஹவுஸ் சர்ஜன் முடியும் தேதியை முதலில் பாருங்கள்

பிள்ளை எம்.பி.பி.எஸ். முடிக்கப் போகிறான் என்றதும் வீட்டில் அடுத்த பேச்சு எம்.டி.யா, எம்.எஸ்.ஸா என்பதுதான். எத்தனை மார்க் வேண்டும், எந்தக் கோச்சிங் நல்லது என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஹவுஸ் சர்ஜன் பயிற்சி எந்த மாதம், எந்தத் தேதியில் முடிகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் ஒரு முழு ஆண்டு கைவிட்டுப் போவது இந்த ஒரு தேதியால்தான்.

மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வை எழுத ஹவுஸ் சர்ஜன் முடித்திருக்க வேண்டும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தேர்வு நாளில் பயிற்சியில் இருந்தாலும் எழுதலாம். ஆனால் அந்த ஆண்டின் அறிவிப்பில் குறிப்பிட்டிருக்கும் கட்-ஆஃப் தேதிக்குள் ஓராண்டுப் பயிற்சி முடிந்தாக வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் அந்த ஆண்டு கிடையாது. அந்த மார்க்கை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.

நடந்ததைப் பாருங்கள். 2024ஆம் ஆண்டுத் தேர்வு முதலில் மார்ச் 3 என்றார்கள். பிறகு ஜூலை 7 ஆனது, அதன்பின் ஜூன் 23 ஆனது. அதையும் முந்தின நாள் இரவில் தள்ளிவைத்து, கடைசியில் ஆகஸ்ட் 11 அன்று நடத்தினார்கள். ஜூலை, ஜூன், ஆகஸ்ட் என்று தேர்வு அலைந்தபோதும் கட்-ஆஃப் ஆகஸ்ட் 15லேயே நின்றது. 2025இல் ஜூன் 15 என்றிருந்த தேர்வு, ஒரே ஷிப்டில் நடத்த வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் ஆகஸ்ட் 3க்குப் போனது. கட்-ஆஃப் ஜூலை 31 என்பதில் மாற்றமில்லை. ஆகவே தேர்வு தள்ளிப்போனால் நமக்கும் அவகாசம் கூடும் என்று நம்பியிருக்க வேண்டாம். 2023இல் மட்டும் கட்-ஆஃப் மார்ச் 31இலிருந்து ஜூன் 30, பிறகு ஆகஸ்ட் 11 என்று நீண்டது. கொரோனாவால் பல மாநிலங்களில் பயிற்சி தாமதமாகத் தொடங்கியிருந்ததே அதற்குக் காரணம். அதை வழக்கம் என்று எண்ணி யாரும் கணக்குப் போடக் கூடாது.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். நம் பகுதியிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் திரும்பி வந்து எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவும் இங்கே ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும். இந்தத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் என்று பெயர். பெயரில் உள்ள மாதத்திலேயே நடக்கும் என்பதும் இல்லை. 2024 டிசம்பர் தேர்வு 2025 ஜனவரி 12 அன்றும், 2025 ஜூன் தேர்வு ஜூலை 26 அன்றும் நடந்தன.

ஒரு பிள்ளை டிசம்பர் தேர்வில் தேறுகிறான் என்று வையுங்கள். பதிவு, பயிற்சி இடம் எல்லாம் முடிந்து ஏப்ரலில் சேர்ந்தால் அடுத்த ஏப்ரலில் பயிற்சி முடியும். கட்-ஆஃப் ஜூலை 31 என்றால் மூன்று மாதம் கையில் இருக்கும். அதே பிள்ளை டிசம்பரில் தவறி ஜூன் தேர்வில் தேறினால், அக்டோபரில் சேர்ந்து அடுத்த அக்டோபரில்தான் முடிப்பான். கட்-ஆஃப் போய்விடும். தேர்வில் தவறியது ஆறு மாதம், இழப்பது ஒரு வருடம். அதனால் ஊர் திரும்பி நன்றாக ஓய்வெடுத்துப் பிறகு எழுதட்டும் என்பது பாசத்தில் சொல்வதுதான் என்றாலும் அதன் விலை பெரிது. கடைசி ஆண்டில் இருக்கும்போதே எஃப்.எம்.ஜி.இ. படிப்பைத் தொடங்கச் சொல்லுங்கள். பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல் போன்ற ஆவணங்களைக் கல்லூரியிலிருந்து வாங்காமல் விமானம் ஏற வேண்டாம்.

இனிமேல் அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 நவம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, படிப்பு குறைந்தது 54 மாதம், அதே நாட்டில் பயிற்சி 12 மாதம், பிறகு இந்தியாவில் இன்னொரு 12 மாதம். சேர்ந்த நாளிலிருந்து பத்தாண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஏஜென்ட் காட்டும் காகிதத்தில் கடைசி 12 மாதம் இருக்கிறதா என்று பாருங்கள். அத்தா கடன் வாங்கி அனுப்பும் வீட்டில் இந்த ஓராண்டுச் செலவு சிறிய விஷயமில்லை.

நீட் பி.ஜி. கட்-ஆஃப் தவறியவர்களுக்கு ஒரு வழி உண்டு. நம் பக்கத்திலுள்ள புதுச்சேரி ஜிப்மர், எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்றவை நீட் பி.ஜி.யில் வருவதில்லை. அவற்றுக்கு ஐ.என்.ஐ.-செட் என்ற தனித் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது, ஜனவரி சேர்க்கைக்கு ஒன்று, ஜூலை சேர்க்கைக்கு ஒன்று. ஜூலைக்குப் பின் பயிற்சி முடிப்பவர்கள் ஜனவரி சேர்க்கையைக் குறிவைக்கலாம். போட்டி கடுமைதான். ஆனாலும் சும்மா இருக்கும் ஆறு மாதத்துக்கு இது எவ்வளவோ மேல்.

அமெரிக்கா போக விரும்பும் பிள்ளைகளின் நாட்காட்டி வேறு. அங்கே செப்டம்பரில் விண்ணப்பம், மார்ச்சில் முடிவு, ஜூலையில் சேர்க்கை. ஸ்டெப் 1 தேர்வுக்கு 2022 ஜனவரி முதல் தேர்ச்சி, தோல்வி மட்டும்தான், மார்க் இல்லை. அதனால் ஸ்டெப் 2 மார்க்கைத்தான் மருத்துவமனைகள் பார்க்கின்றன. அது செப்டம்பருக்குள் கையில் இருக்க வேண்டும் என்றால் ஜூலைக்குள் எழுதிவிடுவது நல்லது. ஆனால் நீட் பி.ஜி. போல ‘எழுதித்தான் பார்ப்போமே’ என்று போகக் கூடாத தேர்வு அது. தோற்றால் அது பதிவேட்டில் நிற்கும். குறைந்த மார்க்கில் தேறினாலோ மறுபடி எழுத முடியாது. தயாராகாத பிள்ளை ஓராண்டு பொறுப்பதே மேல்.

வீட்டுப் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் அனுமதிக்கப்பட்ட விடுப்பு 15 நாள்தான். அதற்கு மேல் எடுத்தால் பயிற்சி அத்தனை நாள் நீளும். நிக்காஹ் தேதி குறிக்கும்போது, குறிப்பாகப் பெண் பிள்ளை டாக்டராக இருந்தால், கல்லூரியில் பயிற்சி முடியும் தேதியையும் கேட்டுக்கொண்டு குறியுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

சான்றிதழுக்கும் காலம் இருக்கிறது. தமிழ்நாட்டு இடங்களில் முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதத்துக்கு பி.சி.எம். சாதிச் சான்று போதும். அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களில் உள்ள 27 சதவீத ஓ.பி.சி. இடங்களுக்கு அது செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் அல்ல என்ற ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும். மத்தியப் பட்டியலில் உங்கள் பிரிவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருமானத்தை வைத்துத் தரப்படுவதால் பழைய சான்று உதவாது. கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு செஞ்சி தாலுகா அலுவலகத்துக்கு ஓடாமல், தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிடுங்கள்.