மாரிக்கு முன் நீர்ப்பம்பியைப் பேணல்

நீர் பனிக்கட்டியாக உறையும்போது அதன் கனவளவு நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு பெருகுகின்றது. ஆதலால் குளிர்நாட்டுக் கமக்காரர், பனிக்காலம் தொடங்குமுன் வெளியிலுள்ள குழாய்களிலும் பம்பிகளிலும் நிற்கும் நீரை வடித்துவிடுவர். வடியாவிடின் அவை வெடித்துவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நீர் உறைவதில்லை. எனினும் ஓய்ந்திருக்கும் பம்பியினுள் தங்கும் நீர் இங்கும் கேடு செய்கின்றது. அங்கே உறைந்து உடைக்கும் நீர், இங்கே துருவேற்றி அரிக்கின்றது.

நமது மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்றது. அக்காலத்தில் தோட்டத்துப் பம்பிக்கு வேலை குறைவு. மழை ஓய்ந்தபின் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கிணற்று நீரே துணை. அவ்வேளை பம்பி இயங்காவிடின் பயிர் வாடும், கைப்பொருளும் கரையும். எனவே புரட்டாதி மாதத்திலேயே பின்வருவனவற்றைச் செய்து முடித்தல் வேண்டும்.

1. கிணற்றினுள் மேடையில் அமைத்த மின்பம்பியை, மின்னிணைப்பைத் துண்டித்தபின் கழற்றி மேலே எடுக்குக. மாரியில் நீர்மட்டம் உயர்ந்து அதனை மூழ்கடிக்கக்கூடும்.

2. பம்பியின் அடியிலுள்ள வடிகால் ஆணியைக் கழற்றி, நீர் முழுவதையும் வடித்துவிடுக. ஆணி தவறிப்போகாதவாறு பம்பியுடன் கட்டிவைக்குக.

3. உறிஞ்சு குழாயையும் அடிவால்வையும் கழுவி உலர்த்துக. குழாயை மடியாது சுருட்டி, வெயிலும் எலியும் அணுகாத இடத்தில் வைக்குக.

4. எண்ணெய் எஞ்சினாயின் தாங்கியிலும் காபரேற்றரிலுமுள்ள எரிபொருளை வடித்துவிடுக. நாட்பட்ட எரிபொருள் பிசினாகி நுண்டுளைகளை அடைக்கும். வடிப்பதைப் பாத்திரத்தில் ஏந்துக. நிலத்தில் ஊற்றின், சுண்ணக்கல் வெடிப்புகளினூடே அது கிணற்றை அடைந்து குடிநீரைக் கெடுக்கும்.

5. பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, எஞ்சினைக் கையால் மெல்ல இருமுறை சுழற்றியபின் மீண்டும் பூட்டுக.

6. பம்பியைத் தரையில் வைக்காது, கூரையின் கீழ்ப் பலகைமேல் வைக்குக.

மழை ஓய்ந்து மீண்டும் இயக்குமுன் வடிகால் ஆணியை இறுகப் பூட்டிப் பம்பியை நீரால் நிரப்புக. நனைந்த மின்மோட்டரை மின்வினைஞர் பரிசோதிக்குமுன் இயக்கற்க. எண்ணெய் எஞ்சினை எக்காரணங்கொண்டும் கிணற்றினுள் இறக்கி இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சாகும். கிணற்றினுள் இறங்குபவரை உணருமுன்னே மயக்கிக் கொல்லும்.

இவ்வேலைகளுக்கு ஒருநாட் காலைப்பொழுது போதும். அதனைப் புரட்டாதியிற் செலவிடும் கமக்காரர், தையிற் கவலையின்றி நீரிறைப்பர்.