பனிக்கடற் பொதி

வழிச்செல்வார் உடன்கொண்டு செல்லும் உணவிற்கு ‘ஆற்றுணா’ என்பது நம் முன்னோர் இட்ட பெயர். ஆறு என்றது வழியை. கட்டுச்சோறு என்றும் பொதிசோறு என்றும் வழங்குவதும் அதுவே. இப்பெயர்கள் ஓரிரு பகலில் முடியும் செலவைக் கருதி எழுந்தன என்பது தெளிவு. இடையே சத்திரம் உண்டு, சாவடி உண்டு, தண்ணீர்ப்பந்தரும் உண்டு. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத பனிக்கடலுக்கு மூன்றாண்டும் ஐந்தாண்டும் எல்லையாக வைத்துப் புறப்பட்டோர் எங்ஙனம் பொதி கட்டினர் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். கப்பலில் ஏற்றுவது எளிது. கப்பலை விட்டு இறங்க நேரும் அன்று எது தம்மோடு வரவேண்டும் என்பதைக் கரையில் இருக்கும்போதே எண்ணித் துணிவதுதான் அரிது என்பது எமது கருத்து.

1845 மே மாதத்தில் சர் ஜான் பிராங்க்ளின் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர், அமெரிக்காவின் வடக்கே பனிக்கடல் வழியாகப் பசிபிக் மாகடலை அடையும் பாதை காண்பான் வேண்டி, எரிபஸ், டெரர் என்னும் இரு கப்பல்களோடு புறப்பட்டார். மூன்றாண்டுக்கு உணவு, தகரத்தில் அடைத்த இறைச்சியும் காய்கறியும் சூப்பும் ஏறக்குறைய 8,000 குப்பிகள், ஈறு அழுகும் ஸ்கர்வி நோயைத் தடுக்க எலுமிச்சைச் சாறு, நீராவி இயந்திரம், ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள், இசைப்பெட்டி, அதிகாரிகளின் வெள்ளிக் கரண்டிகள். அந்நாள் வரை இத்துணை நிறைவாக ஏற்றப்பெற்ற கப்பல் வடகடலுக்குச் சென்றதில்லை என்றே பலரும் கருதினர்.

பனி கப்பல்களைப் பற்றிக்கொண்டது. 1847 ஜூன் 11-ஆம் நாள் பிராங்க்ளின் இறந்தார். 1848 ஏப்ரலில் எஞ்சிய 105 பேர் கப்பல்களைத் துறந்து, கிங் வில்லியம் தீவின் கரையோரமாகத் தென்றிசை நோக்கி நடந்தனர். 129 பேருள் ஒருவரும் மீளவில்லை. தேடிச் சென்ற மக்ளின்டாக் என்பார் 1859-இல் அத்தீவில் ஒரு படகைக் கண்டார். அது சறுக்குவண்டியின்மேல் ஏற்றப்பட்டிருந்தது. இரண்டும் சேர்ந்து சுமார் 1,400 இராத்தல் எடை. உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள். வெள்ளிக் கரண்டிகளும் முள்களுமாக 26. பட்டுக் கைக்குட்டைகள், சோப்பு, பல் துலக்கும் தூரிகைகள், சீப்புகள், செருப்புகள், சமயநூல்கள். உணவென்று சொல்லத் தக்கவை சிறிது தேயிலையும் ஏறத்தாழ 40 இராத்தல் சாக்லேட்டுமே. படகின் முகமோ, வந்த வழியே கப்பலை நோக்கித் திரும்பியிருந்தது.

இதனைப் படிப்போர் சிலர் எள்ளி நகைப்பர். யாம் அவ்வாறு நகையாட உடன்படோம். வெள்ளிக் கரண்டியைத் தூக்கிச் சென்றவன் வீடு திரும்புவோம் என்று நம்பினவன் அன்றோ! குற்றம் அவன்மேல் அன்று. இரு கால்களால் நடந்து மீளும் நாள் ஒன்று வரக்கூடும் என்று எண்ணாமலே அக்கப்பல்களில் பண்டம் ஏற்றினோர்மேல் அது. அக்கப்பல்களுள் எரிபஸ் 2014-இலும் டெரர் 2016-இலும் கடலடியிற் கண்டறியப்பட்டன.

நார்வே நாட்டு நான்சன் 1893-இல் புறப்பட்டபொழுது, பனியிற் சிக்கிக்கொள்வதையே தம் பயணத்தின் வழியாகக் கொண்டார். பனி நெருக்குங்கால் நசுங்காது மேலெழும்புமாறு அடி உருண்ட கப்பல் ஒன்றைச் செய்வித்து, ‘முன்னோக்கி’ எனப் பொருள்படும் ‘பிராம்’ என்னும் பெயரை அதற்கு இட்டனர். 13 பேருக்கு ஐந்தாண்டுக்குரிய உணவு ஏற்றப்பட்டது. அதனை ஒரே வகையாக அன்றிப் பலவகையாக ஏற்றியதை யாம் சிறப்பாகக் கருதுகின்றோம். சுவர்களுக்கிடையே கம்பளமும் தக்கையும் கலைமானின் மயிரும் திணித்தனர். விளக்கெரிக்கக் காற்றாடியும் இருந்தது. மூன்றாண்டு கழித்து 13 பேரும் மீண்டனர். ஒருவர்க்கும் ஸ்கர்வி காணவில்லை.

ஆயினும் நான்சனையும் பனி ஒருமுறை திருத்தியது. கப்பல் துருவத்தை அணுகாதெனக் கண்டு, 1895 பிப்ரவரி இறுதியில் ஹியால்மார் யோஹான்சன் என்பாரோடு நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளில் அவர் புறப்பட்டார். இருமுறை திரும்பவேண்டியதாயிற்று, பொதி மிகையாயிருந்தது. மார்ச் 14-இல் மூன்றாம் முறை செல்லுங்கால் ஆறு வண்டிகள் மூன்றாயின, நாய்கள் 28, மனிதர்க்கு 100 நாள் உணவு, நாய்கட்கு 30 நாள் உணவு. எடை குறைக்க எண்ணி ஓநாய்த்தோல் ஆடைகளைக் கப்பலிலேயே விட்டனர். உடுத்த கம்பளி ஆடை வியர்வையால் நனைந்து பனிக்கட்டிக் கவசமாய் இறுகி, நான்சனின் மணிக்கட்டை அறுத்துப் புண்ணாக்கிற்று. குறைப்பதும் கூட்டுவதைப்போலவே இடர் தருவது. 15 மாதங்கள் கழித்து மனிதமுகம் கண்டனர். அதுகாறும் அவர்களை ஊட்டியவை கொணர்ந்த உணவு அல்ல, கொணர்ந்த தோட்டாக்களே. கரடியும் வால்ரசும் அவர்க்கு இரையாயின.

இனித் தென்துருவம். 1911-இல் இரு கூட்டத்தார் அதனை நோக்கிச் சென்றனர். ஆங்கிலேயர் ஸ்காட்டின் கூட்டம் திரும்புவழியில் முன்னரே புதைத்து வைத்த மண்ணெண்ணெய்க் குப்பிகளைத் தோண்டி எடுத்தபொழுது அளவு குறைந்திருக்கக் கண்டது. மூடியின் தோல் வளையம் குளிரில் சுருங்கி வழிவிட்டதே காரணம் என்பர். எண்ணெய் இன்றேல் சமையல் இல்லை. பனியை உருக்கிக் குடிக்க நீரும் இல்லை. 1912 மார்ச்சு மாதத்தில் ஸ்காட்டும் இருவரும் கூடாரத்துள் இறந்தனர். அடுத்த பெரிய உணவுக்கிடங்கு 11 மைல் தொலைவிலிருந்தது. அவர் வண்டியில் ஏறக்குறைய 35 இராத்தல் கற்களும் இருந்தன. இவற்றைப் பிராங்க்ளின் கூட்டத்தாரின் கரண்டிகளோடு ஒப்பிடுவோர் பிழைபடுவர். அக்கற்களில் குளாசாப்டெரிஸ் என்னும் பண்டைச் செடியின் சுவடு இருந்தது. இந்தியாவின் நிலக்கரிப் படுகைகளிலும் அச்சுவடு உண்டு. தென்கண்டங்களும் நம் நாடும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன என்பதற்கு அது சான்று. சாகுந்தறுவாயிலும் எதனை எறியலாகாது என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

மற்றைக் கூட்டம் ஆமுண்ட்சனுடையது. அவர் சென்றதும் அதே ‘பிராம்’ கப்பலில். எண்ணெய்க் குப்பிகளின் வாயைப் பற்றுவைத்து அடைப்பித்தார். வண்டியுணவோ நான்கே வகை: பிஸ்கோத்து, சாக்லேட்டு, பால்பொடி, உலர்ந்த இறைச்சியைக் கொழுப்பிற் பிசைந்த பெம்மிகன். இவற்றைப் பெட்டியில் இடும் பணி யோஹான்சனுக்கு வாய்த்தது. ஆம், நான்சனோடு வடக்கே நடந்த அவரே. ஞாயிறு தோன்றாத குளிர்காலத்தில், பனியைக் குடைந்து செய்த அறையுள் அமர்ந்து, பிஸ்கோத்துகளை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கினார். நீண்ட சிறு பைகளில் அடைத்த பால்பொடியை இடைவெளிகளிற் செருகினார். பெட்டிகளின் எடை குறையுமாறு பலகைகளை இழைத்தனர். மேலே பால் கொண்டுசெல்லும் பாத்திரத்துக்கு உள்ளது போன்ற சிறு வட்டமூடி வைத்தனர். ஆதலின் வண்டியிற் கட்டிய கயிற்றை மாலைதோறும் அவிழ்க்கவும் காலைதோறும் கட்டவும் வேண்டுவதில்லை. மரத்துப்போன விரல்கள் முடிச்சவிழ்க்கப் படும் பாட்டினை முன்னரே அனுபவித்தவரே இதன் அருமையை அறிவர்.

1911 செப்டம்பரில் குளிர் தணியுமுன்னே அவசரப்பட்டுப் புறப்பட்ட ஆமுண்ட்சன் திரும்ப நேர்ந்தது. திரும்பும் வழியில் பின்தங்கிய பிரஸ்ட்ரூட் என்பாரை யோஹான்சன் காத்து அழைத்துவந்து, மறுநாட் காலையில் தலைவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துரைத்தார். அதன் பயனாகத் துருவச்செலவினின்று விலக்கப்பட்டு, கிழக்கே வேறொரு நிலத்தைக் காண அனுப்பப்பெற்றார். டிசம்பர் 14-ஆம் நாள் ஐவர் துருவத்தில் நின்றனர். அன்று அவர்கள் எடுத்துண்ட பிஸ்கோத்துகள் யோஹான்சன் எண்ணி வைத்தவை. அவ்வைவருள் யோஹான்சன் இல்லை.